பிஷப்பின் ஆறாம் பல்

“உங்க மாமா மானை வேட்டையாடுறாரா, இல்ல மான் பண்ணை வச்சிருக்காரா?” என்று எங்கள் வீட்டுக்கு எரிவாயு நிரப்ப வந்த ஓட்டுநர் என்னிடம் ஒருமுறை கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவருடைய வண்டி வளைவு தாண்டிவிட்டது. ஒரு வரியில் அடங்கும் பதிலும் அல்ல அது.

ஆகவே, கேளுங்கள்.

வாழ்க ஆர்லன் ஸ்டூசி! விஸ்கான்சின் நாட்டின் தென்மேற்குக் குன்றுகளிலே எண்பது ஏக்கர் ஓக் காட்டுக்கும் ஒரு சரிவுக்கும் ஒரு சேற்றோடைக்கும் தனிப்பெரும் அதிபதி. முப்பத்தோர் ஆண்டு பால் லாரி ஓட்டி ஓய்ந்த உருக்குத் தோளன். ஆடிக் கொசுப்படைக்கு நெஞ்சு காட்டி மான்களுக்கு டர்னிப் கிழங்கு விதைத்த தீரன். கொம்பன் எனப்படும் ஒவ்வொரு ஆண்மானின் வயதையும் விரல்நுனியில் வைத்திருந்து, கட்டிய மனைவி மேவிஸின் வயதை மட்டும் ஆண்டுதோறும் இரண்டு கூட்டிச் சொல்லும் கணித மேதை. மூன்று நிலத்தார் உடன்படிக்கையின் நிறுவனர், நிரந்தரத் தலைவர், ஒரே நீதிபதி. வாழ்க, வாழ்க!

காற்றே, உன்னையும் வணங்குகிறேன். மனித வாடையை மானின் மூக்குக்குச் சுமந்து செல்லும் கோள்மூட்டியே, இந்தக் கதை முடியும் வரையாவது வடமேற்கிலிருந்து மட்டும் வீசுவாயாக.

அந்த எண்பது ஏக்கரின் வளத்தை என்னவென்று சொல்வது! எங்கள் மாவட்டத்தில் ஒரு வாளி சோளத்தை மானுக்கு முன்னால் கொட்டினால் அது குற்றம். அதே சோளத்தை விதைத்து, உரமிட்டு, களை பிடுங்கி, அறுக்காமல் அப்படியே நிற்கவிட்டால் அது நில நிர்வாகம். சட்டத்தைத் தாயெனப் போற்றும் ஆர்லன் மாமா ஒரு வாளியும் கொட்டியதில்லை. டர்னிப் இரண்டு ஏக்கர், குளோவர் புல் ஓர் ஏக்கர், சோயா மூன்று ஏக்கர் என்று மான்குலத்துக்கு மட்டும் விருந்து விரித்திருந்தார். மேவிஸ் அத்தையின் தக்காளிச் செடிகளுக்குக் கிடைத்தது பாதியாய் அறுத்த ஒரு பீப்பாய். அதையும் மான்கள்தான் தின்றன.

மரத்துக்கு மரம் கட்டிய கேமராக்கள் பதினொன்று. உறங்காத பதினொரு கண்களாலும் காட்டைக் கண்காணித்த ஆர்லன் மாமா, குளிர்காலம் முழுதும் சமையலறை மேசையில் அமர்ந்து, மானின் பின்புறம், மானின் பின்புறம், ரக்கூன், மானின் பின்புறம் என்று ஆயிரம் ஆயிரம் படங்களை ஞானி ஏடு புரட்டுவதுபோலப் புரட்டுவார். அந்தப் பின்புறங்களுக்கிடையே ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் தோன்றியவர்தான் பிஷப்.

ஒன்றரை வயதில் முதல் படம். அப்போதே இடது கொம்பின் இரண்டாம் கிளை உட்புறமாக வளைந்து, ஆசீர்வதிக்கத் தூக்கிய விரல்போல் நின்றது. முகத்தில் ஒரு பிரசங்கக் களை. “பிஷப்!” என்று பெயர் சூட்டினார் மாமா. நாங்கள் லூத்தரன் சபையார். எங்கள் உண்மையான பிஷப்பின் பெயர் மாமாவுக்கு இன்றுவரை தெரியாது.

இனி உடன்படிக்கை. எங்களுக்குத் தெற்கே அண்ணன் தம்பியான ஓலாஃப்சன்கள், எய்னார், ஓடின். இரண்டு உடல், ஒரே கருத்து, அந்தக் கருத்தும் பெரும்பாலும் மாமாவுடையது. கிழக்கே, நாற்பது ஏக்கர் ஒடுங்கிய துண்டு நிலத்தில், பள்ளிப் பேருந்து ஓட்டும் ரோண்டா டுவோராக். இந்த இரண்டு நிலங்களுக்கும் தம் நிலத்துக்கும் பொதுவாக மாமா எழுதிய விதிகள் பதினேழு. ஐந்து வயது நிறையாத கொம்பனைக் கொல்லாதே என்பது முதல் விதி. ஆகஸ்டு மாதம் தலைவர் வெளியிடும் பட்டியலில் ஒவ்வொரு கொம்பனின் வயதும் இருக்கும் என்பது எட்டாம் விதி. பட்டியல் வழிகாட்டி மட்டுமே, இறந்த மானின் பல்லே இறுதித் தீர்ப்பு என்பது ஒன்பதாம் விதி. ஒருமுறை தவறியவர் இரண்டு இலையுதிர்காலம் கொம்புள்ள எதையும் எய்யக் கூடாது. மறுமுறை தவறினால் உடன்படிக்கையிலிருந்து நிரந்தர நீக்கம். பட்டியலைத் தயாரித்தவரே தவறினால் என்ன என்பதற்கு விதி இல்லை. எழுதியவருக்கு அப்படியொன்று தோன்றவே இல்லை.

நீக்கம் என்றால் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். ரோண்டாவின் நிலம் ஒரு பெல்ட்டைப்போல நீளமானது, ஒல்லியானது. அங்கே அம்பு பட்ட மான் எந்தப் பக்கம் ஓடினாலும் அடுத்தவன் வேலியைத் தாண்டித்தான் விழும். வேலி தாண்டிப்போய் அதை எடுக்கும் உரிமையைக் கொடுப்பது அந்த உடன்படிக்கை. நீக்கப்பட்டால் அவள் சொந்த நிலத்தில் வேடிக்கை பார்க்கலாம், வேட்டையாட முடியாது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அவள் முதல் தவறைச் செய்தாள். அப்பா இறந்த ஆண்டு அது. அவருடைய விசைவில்லை, துப்பாக்கிபோலத் தோளில் வைத்து எய்வார்களே, அதை எடுத்துக்கொண்டு போய் வாழ்க்கையில் முதல் கொம்பனை வீழ்த்தினாள். மாமா தாடையைத் திறந்து பார்த்தார். நாலரை.

“ஆறு மாசந்தானே ஆர்லன் குறையுது?” என்றாள் ரோண்டா.

“ஆறு மாசம்னாலும் அது குழந்தைதான். பல்லு பொய் சொல்லாது, ரோண்டா.”

ஊரார் வாரந்தோறும் கூடும் வெள்ளிக்கிழமை மீன் விருந்தில், பொரித்த மீனுக்கும் பிராந்திக்கும் நடுவே எழுந்து நின்று, அவள் பெயரை மாமா வாசித்தார். அவள் தட்டில் இருந்த மீனை முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். அடுத்த இரண்டு இலையுதிர்காலமும் விசைவில்லைத் தொடவில்லை. ஆனால் ஓலாஃப்சன்கள் அறுக்கும் ஒவ்வொரு மானின் தாடையையும் கேட்டு வாங்கிப் போனாள். சமையலறை ஜன்னலோரம் வரிசையாக வைத்து, ஆறு ஆறு பற்களாகப் படித்தாள்.

இந்த ஆண்டு அவள் தண்டனை முடிந்தது. இந்த ஆண்டுதான் மாமாவின் பட்டியலும், ஓலாஃப்சன்களின் டிராக்டர் கொட்டகைச் சுவரில், அந்த மகத்தான வரியோடு ஏறியது: பிஷப். ஆறரை. எய்யலாம்.

நவம்பர் எட்டு, சனிக்கிழமை. மான்குலத்து ஆண்கள் உண்ணாமல் உறங்காமல் பெண்ணைத் தேடி அலையும் பத்து நாட்களின் நடு நாள். விடியுமுன் எழுந்த நாயகர் போர்க்கோலம் பூண்டார். பண்டை மறவர் வெட்சி சூடினர். இவர் ஓக் இலை அச்சிட்ட மேலாடை சூடினார். அதன் உள்ளே கம்பளி உள்ளாடை, அதன் மேலே இன்னொரு கம்பளி உள்ளாடை, அதன் மேலே மார்புவரை ஏறும் காற்சட்டை, எல்லாவற்றையும் வளைத்து இறுக்கிய மரமேறும் கச்சை. ஆடைகள் யாவும் மணமில்லாச் சோப்பில் துவைத்து, மண்ணும் சருகும் இட்ட பெட்டியில் ஒரு மாதம் தவமிருந்தவை. அப்போது சமையலறையிலிருந்து ஒரு வாசனை எழுந்தது.

“மேவிஸ்! நவம்பர்ல பன்னிக்கறி வறுக்காதன்னு எத்தன தடவ சொல்றது? வாடை சட்டையில ஏறிடும்!”

“அப்ப சட்டையக் கழட்டி வச்சிட்டு வந்து தின்னு” என்றார் அத்தை. “காபியாவது குடிச்சிட்டுப் போ. வெளிய ஐஸா கெடக்கு.”

ஒரு கோப்பை குடித்தார். குளிரை நினைத்து இரண்டாவது. வெற்றியை நினைத்து மூன்றாவது. ஐயோ, மூன்றாம் கோப்பையே! எத்தனையோ கோட்டைகள் வெளிப்பகையால் வீழ்ந்தன. இந்தக் கோட்டைக்குள் பகையை வரவழைத்துப் பாலும் சர்க்கரையும் கலந்து கொடுத்தவர் கோட்டைத் தலைவரே.

பதினைந்தடி உயரப் பரணில் ஏறி அமரும் முன், ஒரு சிறு புட்டியைத் திறந்து மரத்தடியில் பயபக்தியோடு தெளித்தார். காசு கொடுத்து வாங்கிய பெண்மான் மூத்திரம். கொம்பனை மயக்க அது உதவும். அதே மரத்தடியில் மனிதன் பெய்தால் ஒரு வாரத்துக்கு எந்த மானும் வராது என்பது மாமா எழுதிய பதினான்காம் விதி. அந்த இடர்ப்பாட்டுக்கென்றே அகன்ற வாய்ப் புட்டி ஒன்று அவருக்கு உண்டு. பையைத் துழாவினார். புட்டி இல்லை. அதன் பதவியும் பெருமையும் அறியாத மேவிஸ் அத்தை அதை முந்தின நாளே பழைய பிளாஸ்டிக்கோடு சேர்த்துக் குப்பை வண்டியில் அனுப்பியிருந்தார்.

ஏழுக்குச் சற்று முன்னால், கிழக்கு வெளுக்கையில், முதல் தூதன் வந்தான். பணிவாக, ஒரு சின்ன அழுத்தமாக, “ஐயா, ஒரு விண்ணப்பம்” என்று வந்தவனை நாயகர் புறங்கையால் ஒதுக்கினார். ஏழரைக்கு அவன் படையோடு திரும்பினான். காபிகள் மூன்றும் முப்படையாகத் திரண்டு, அடிவயிற்றுக் கோட்டையைச் சூழ்ந்து, முரசறைந்து, மதிலில் ஏணி சாத்தின. நாயகர் முழங்கால்களைத் தாழ்ப்பாளாக்கினார். தொடைகளைக் கணைய மரமாக்கினார். கீழே சேற்றோடை, நூற்றாண்டுகளாகச் சத்தமின்றி ஓடிக்கொண்டிருந்த ஓடை, அன்று மட்டும் களகளவென்று பாடிற்று. ஓக் இலைகளில் உருகிய உறைபனி சொட்டுச் சொட்டாக விழுந்தது. எட்டு மணிக்கு ஒரு பெண்மான் வந்தது. சரியாகப் பரணின் கீழே நின்றது. பின்னங்கால்களை அகற்றி, அவசரமே இல்லாமல், உலகத்தில் நேரமெல்லாம் தனக்கே உரியதென்பதுபோல, நீண்ட நேரம் பெய்தது. மேலே ஆர்லன் ஸ்டூசி கண்களை இறுக மூடிக்கொண்டு, பால் லாரி ஓட்டிய காலத்தின் பாலைவனம்போன்ற நெடுஞ்சாலைகளை நினைத்துக்கொண்டார். அவற்றிலும் அடிக்கடி கழிவறைகள் வந்தன.

“ஆண்டவரே” என்று முணுமுணுத்தார், “அவன அனுப்பு. இல்லன்னா என்னை எறக்கிவிடு. ரெண்டுல ஒண்ணு சீக்கிரம் செய்.”

எட்டு நாற்பதுக்கு ஆண்டவர் அனுப்பினார்.

வந்தார் பிஷப்! புதரின் பழுப்பு பிளந்து, பன்னிரு கிளைக் கொம்பு மரச்செறிவின் இடையே இன்னொரு மரமாக அசைய, இடது கொம்பின் வளைந்த விரல் காட்டையெல்லாம் ஆசீர்வதிக்க, கழுத்துப் புடைத்து, மூக்கு தரையில் பதித்து, அந்தப் பெண்மானின் வழியே நடந்து வந்தார். அறுபது தப்படி. ஐம்பது. நாற்பது. ஐந்து ஆண்டு டர்னிப்பும், பதினொரு கேமராவும், தின்னாமல் விட்ட பன்றிக்கறி அத்தனையும் அந்த மார்பின் ஒரு சாண் இடத்தில் வந்து நின்றன.

நாயகர் எழுந்தார். வில்லை எடுத்தார். நாணைப் பற்றினார். கேளுங்கள், அந்த வில்லை வளைக்க அறுபத்தைந்து பவுண்டு பலம் வேண்டும். தோள் இழுக்க வேண்டும், முதுகு இறுக வேண்டும், எல்லாவற்றுக்கும் முன்னால் அடிவயிறு இறுக வேண்டும். நாண் நான்கு விரற்கடை வந்தது. உள்ளே மதில் ஒன்று விண்டது. நாண் திரும்பிப் போனது. மீண்டும் இழுத்தார். மீண்டும் மதில். மூன்றாம் முறை, மனித வரலாற்றில் எத்தனையோ மாவீரர் செய்த அதே தேர்வைச் செய்தார். வில்லைக் கொக்கியில் மாட்டினார். கச்சையைத் தளர்த்தினார். ஜிப்பை இழுத்தார்.

ஜிப்பின் ஒலி அமைதியான காட்டில் வாள் உருவும் ஒலியாகக் கேட்டது. பிஷப் தலை நிமிர்ந்து பார்த்தார். பதினைந்தடி உயரத்திலிருந்து பொன்னிற அருவி ஒன்று காலை வெயிலில் இறங்கிக்கொண்டிருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நிறுத்த இருவராலும் முடியவில்லை; ஒருவரால் அருவியை, மற்றவரால் பார்வையை. பிறகு பிஷப் வெள்ளை வாலைக் கொடியாக உயர்த்தி, கிழக்கு வேலியை ஒரே தாவில் கடந்தார்.

கிழக்கே, விறகடுக்குக்குப் பின்னால், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், பன்றிக்கறியும் முட்டையும் வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டு, மூக்கு சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ரோண்டா டுவோராக். மணமில்லாச் சோப்பு அவள் வீட்டில் கிடையாது. முதலில் அந்தப் பெண்மான் வந்தது. பின்னாலேயே, அதைத் தவிர உலகத்தையே மறந்துபோய், பிஷப் வந்தார். ரோண்டா ரொட்டியை முழங்காலில் வைத்தாள். விசைவில்லைத் தோளுக்கு ஏற்றினாள். எய்தாள். அவர் ஓலாஃப்சன்களின் வேலியை இடித்துக்கொண்டு தாண்டி, அறுபதடி தள்ளி விழுந்தார். அவள் ரொட்டியை முடித்துவிட்டுப் போனை எடுத்தாள்.

பத்து மணிக்கு அவை கூடிற்று. ஓலாஃப்சன்களின் டிராக்டர் கொட்டகை வாசல். ரோண்டாவின் பிக்கப் வண்டிப் பின்கதவு திறந்து கிடக்க, அதன் மேல் பிஷப் சாய்ந்திருந்தார். மேவிஸ் அத்தையின் காரில் நாங்கள் போனபோது ஆர்லன் மாமா முன்பே வந்து நின்றிருந்தார். உலர்ந்த காற்சட்டை மாற்றியிருந்தார்.

“வாங்க தலைவரே” என்றாள் ரோண்டா. “எட்டே முக்காலுக்கு உங்க பக்கத்துலேர்ந்து குதிச்சு வந்தாரு. என்ன, அடிக்கலியா?”

“காத்து மாறிடுச்சு.”

“வடமேற்குதானே அடிச்சிட்டிருந்துது?” என்றார் எய்னார்.

“அங்க மாறிடுச்சு” என்றார் மாமா.

“உங்க டர்னிப்ப நல்லாத் தின்னிருக்காரு. கொழுப்பப் பாருங்க, ரெண்டு விரக்கட” என்றார் ஓடின். மாமாவின் முகம் டர்னிப் நிறத்துக்கு வந்தது.

ரோண்டா கீழ்த்தாடையை முன்பே அறுத்து, குழாய்த் தண்ணீரில் கழுவி வைத்திருந்தாள். அதை மாமாவின் உள்ளங்கையில் வைத்தாள். இன்னொரு தவறென்றால் அக்கம்பக்கத்து வேலிகள் எல்லாம் அவளுக்கு மூடிவிடும்.

மானின் கீழ்த்தாடையில் பக்கத்துக்குக் கடைவாய்ப் பல் ஆறு. ஒவ்வொன்றிலும் ஒரு வெண்கோடு, ஒரு பழுப்புக் கோடு. வயது ஏற ஏற வெண்மை தேய்ந்து பழுப்பு விரியும். நான்காம் பல்லில் பழுப்பு விரிந்திருந்தால் மூன்றரை வயது. ஐந்தாம் பல்லிலும் என்றால் நாலரை. ஆறாம் பல்லிலும் என்றால் ஐந்தரை, அதற்கு மேல். குழந்தையும் படிக்கும் எழுத்து.

மாமா கண்ணாடியை மாட்டினார். நான்காம் பல்லைப் பார்த்தார்: பழுப்பு அகலம். ஐந்தாம் பல்லைப் பார்த்தார்: வெண்மை, நேற்று வெள்ளையடித்த சுவர்போல. ஆறாம் பல்லைப் பார்த்தார். அதன் நுனி கூர்மையாக, இன்னும் உலகத்தைச் சரியாக மெல்லத் தொடங்காததுபோல நின்றது.

மூன்றரை.

நடந்தது இதுதான். மாமா முதலில் பெயர் சூட்டிய பிஷப், சென்ற ஆண்டுக்கு முந்திய குளிர்காலத்தில், ஓலாஃப்சன்களின் கோரைச் சதுப்பில், எந்தக் கேமராவும் பாராத இடத்தில், தனியே படுத்து இறந்துபோனார். சென்ற ஆண்டு இலையுதிர்காலத்தில் அதே குடும்பத்தின் இளையவர் ஒருவர், அதே வளைந்த விரலோடு, அதே டர்னிப்புக்கு வந்தார். கேமரா பொய் சொல்லவில்லை. பெயர் சொல்லவில்லை, அவ்வளவே. கொம்பு சிறுத்து, உடல் மெலிந்திருப்பதைக் கண்ட மாமா நோட்டில் “பிஷப்புக்கு மன அழுத்தம்” என்று குறித்தார். அதற்கு மருந்தாக இன்னும் அரை ஏக்கர் டர்னிப் விதைத்தார்.

இப்போது உள்ளங்கையில் அந்தத் தாடை இருந்தது. உண்மையைச் சொன்னால், அவருடைய பட்டியலை நம்பி எய்த ரோண்டா அவருடைய விதியால் நீக்கப்படுவாள். அவரோ, இறந்த மானுக்கு ஓராண்டு மன அழுத்த வைத்தியம் பார்த்தவர் என்று வெள்ளிக்கிழமைதோறும் மீனோடு சேர்த்துப் பொரிக்கப்படுவார். ஓலாஃப்சன்கள் இருவரும் ஒரே கழுத்தாக எட்டிப் பார்த்தார்கள். கொட்டகைச் சுவரில் பட்டியல் காற்றில் படபடத்தது. மாமா முதலில் அதைப் பார்த்தார். அப்புறம் பல்லைப் பார்த்தார். ரோண்டாவைப் பார்க்கவில்லை.

“எத்தன?” என்றாள் ரோண்டா.

நாயகர் தாடையை உயர்த்தினார். கொட்டகை கேட்க, குன்றுகள் கேட்க, பதினொரு கேமராவும் கேட்க முழங்கினார்: “ஆறரை! பட்டியல்ல என்ன போட்டேனோ அதேதான்! ஆறரை!”

“அடி சக்க!” என்றார் எய்னார். “தலைவர்னா தலைவர்” என்றார் ஓடின். இருவரும் ஆளுக்கொரு முறை ரோண்டாவின் முதுகில் தட்டினார்கள்.

ரோண்டா நகரவில்லை. தாடையை அவர் கையிலிருந்து வாங்கினாள். கட்டை விரலால் நான்காம் பல்லைத் தடவினாள், ஐந்தாம் பல்லைத் தடவினாள், ஆறாம் பல்லின் கூர்மையில் விரலை நிறுத்தினாள். இரண்டு இலையுதிர்காலம் ஜன்னலோரம் படித்த பாடம் அது.

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க தலைவரே” என்றாள் மெதுவாக. “என் பேரச் சேத்துத்தான் நோட்டுல எழுதப்போறீங்க.”

“பாத்தாச்சு ரோண்டா. ஆறரை. வாழ்த்துகள்!” மாமா கையை நீட்டினார். நீட்டிய கையோடு குரலையும் உயர்த்தினார்: “இதுதான் பொறுமையோட பலன்! சின்னதுங்கள விட்டுவைக்கணும்னு நான் சொன்னப்போ எத்தன பேரு சிரிச்சாங்க! அன்னிக்கு உன்னையத் தண்டிச்சேனே, எதுக்கு? இதுக்குத்தான்! இந்த மாதிரி ஒருத்தர நீ பாக்கணும்னுதான்! இந்தக் குன்றுகள் உள்ளவரைக்கும், இந்த உடன்படிக்கை உள்ளவரைக்கும், ஒரு குழந்தைய யாரும்...”

ரோண்டா பின்கதவைச் சாத்தி, தாடையோடு ஏறி, வண்டியைக் கிளப்பிப் போய்விட்டாள்.